முப்பது

அஞ்செட்டி தாண்டியதும் டவர் போய்விட்டது.
டெம்போவில் பாட்டு நின்று
வாந்திக்கு எலுமிச்சம்பழம் கைமாறியது.
பதினாறு பேர், இரண்டு டாக்டர்,
ஏழு அட்டைப்பெட்டி மாத்திரை,
ஒரு பிளெக்ஸ் பேனர்:
எங்கள் சபையின் பெயர் பெரிதாக,
ஊரின் பெயர் ஓர் எழுத்துப் பிழையோடு.

நான் டாக்டர் இல்லை.
ஈரோடு மின்வாரியத்தில் கணக்கர்.
எண்ணத் தெரியும் என்பதால்
மாத்திரை மேசையில் உட்காரவைத்தார்கள்,
போன வருடமும்.

ஜெபம் முடிந்து கண் திறந்தால்
பள்ளிக்கூட வாசலில் ஒருவரும் இல்லை.
"ராத்திரி ஆனை. ராகிக்குக் காவல் இருந்தவங்க
இப்பதான் படுத்தாங்க" என்றான்
சீட்டு எழுத வந்த பசவராஜ்.
பேசும்போது மேலுதட்டை இறக்கி
பல்லின் பழுப்பை மறைத்துக்கொண்டான்.
போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு என்றார் பல் டாக்டர்,
சொல்லிக்கொண்டே அவன் கையில் ஒரு பேஸ்ட் கொடுத்தார்.
டப்பாவைத் திருப்பிப் படித்தான்.
அதிலும் அதே பெயர்.
ஒன்றும் கேட்கவில்லை, பையில் போட்டுக்கொண்டான்.

பத்தரைக்கு வந்தார்கள், எல்லோரும் ஒன்றாக.

நாற்பத்தோராவது சீட்டு கெம்பம்மா.
எப்சிபா சிஸ்டர் மூன்று முறை காற்றடித்துப் பார்த்தார்.
மூன்று முறையும் இருநூற்றுப் பத்து.
டாக்டரைப் பார்த்துவிட்டு என் மேசைக்கு வந்தவள்
இடுப்பு மடியிலிருந்து ஒரு காகித உறையை எடுத்து
நீவி நீவி வைத்தாள்.

என் கையெழுத்து.
காலைக்கு அடையாளமாக நான் வரைந்த சூரியன்.
"போன வருசம் நீதான் குடுத்த. நல்ல மாத்திரை."

முப்பது எண்ணிப் போட்டிருப்பேன்.
உள்ளே இன்னும் ஒன்று இருந்தது.

"தலை சுத்துற அன்னிக்கு மட்டும் பாதி."

பழக்கதோஷம், மனசு வகுத்தது:
இருபத்தொன்பது மாத்திரை, ஐம்பத்தெட்டுப் பாதி.
ஐம்பத்தெட்டு நாள் இவளுக்குத் தலை சுற்றியிருக்கிறது.
சோளக்கொல்லையிலா, ஓடையிலா,
விறகோடு இறங்கும் சரிவிலா,
உறையில் அதற்குக் கட்டம் இல்லை.

"தினம் ஒண்ணுன்னு சொன்னேனே அம்மா."

சில்லறை குறைத்துக் கொடுத்த கடைக்காரனிடம்
கணக்குச் சொல்வது போலச் சொன்னாள்:
"தினம் தின்னா தீந்துடும்ல.
நீங்க வர்ற வரைக்கும் வேணுமில்ல?"

ஆஸ்பத்திரி இருக்கிறது, பதினாலு கிலோமீட்டர்.
பஸ் இருக்கிறது, சாயங்காலம் போகும்,
மறுநாள் காலைதான் திரும்பும்.
ஆட்டை யார் பார்ப்பார்கள்?
எல்லாம் அவளே சொன்னாள்,
என் மேல் குற்றமில்லை என்பது போல.

டாக்டரிடம் கேட்காமல் எண்ணினேன்.
தொண்ணூறு.
பெட்டி என்னைப் பார்த்தது.
மூன்றரை மணிக்கு வந்த ருத்ரப்பாவுக்குப் பத்துதான் மிஞ்சியது.
அவரும் நூற்றித் தொண்ணூறு.
அவர் எண்ணிப் பார்க்கவில்லை,
கும்பிட்டுவிட்டுப் போனார்.

குரூப் போட்டோவுக்குக் கெம்பம்மாவை நடுவில் நிறுத்தினார்கள்.
உறையை மார்போடு பிடித்திருந்தாள்.
கேமரா தயாராகும் நேரத்தில் தலையைச் சாய்த்து
மெதுவாகக் கேட்டாள்,
"அடுத்த தபா எந்த மாசம்?"
"ஜனவரி" என்றேன்.
கமிட்டி இன்னும் கூடவில்லை.

திரும்பும் வழியில் பாஸ்டர் எண்ணிக்கை கேட்டார்.
"நூற்றி எண்பத்து மூன்று."
வண்டி முழுக்கக் கைதட்டல்.
யாரோ ஸ்தோத்திரம் சொன்னார்கள், நானும் சொன்னேன்.
டவர் வந்ததும் எல்லோர் முகத்திலும் நீல வெளிச்சம்.

பழைய உறை என் சட்டைப்பையில் இருந்தது.
அந்த ஒரு மாத்திரை, காலாவதியானது,
நொடிக்கொரு தரம் உள்ளே உருண்டது.
போன வருடம் அந்தச் சூரியனுக்கு
ஒன்பது கதிர் போட்டிருக்கிறேன்,
ஒவ்வொன்றும் நுனி மெலிய.
நேரம் இருந்திருக்கிறது.

இந்த வருடம் கூட்டம்.
வெறும் வட்டம்தான் போட்டேன்.